செல்லோவின் ஆன்மா

நம் பங்கில் ஒரு தச்சர் இருக்கிறார். கோவிலின் பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டியைச் செப்பனிட்டுத் தந்தவர் அவரே. மரத்தை ஒருமுறை கையால் தடவிப் பார்த்த அளவில் அது தேக்கா, வேங்கையா என்று சொல்லிவிடக்கூடியவர். அவருடைய மகளுக்கு வயது 13. பாடற்குழுவில் மூன்று ஆண்டுகளாக வயலின் வாசித்து வருபவள். உறவினர் திருமணத்திற்காகச் சென்னை சென்றிருந்தபோது, அங்குத் திருப்பலியில் செல்லோ என்னும் பெருங்கருவி ஒலிக்கக் கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைவே இல்லை.

சென்ற ஆண்டு தவக்காலத்து மாலை ஒன்றில் தந்தையும் மகளும் பங்கு இல்லத்திற்கு வந்தனர். தச்சர் தம் கைப்பேசியை நம் முன் நீட்டினார். இணைய அங்காடியில் செல்லோக்கள் வரிசையாய் நின்றன. “சாமி, பாட்டு, வாத்தியம் எல்லாம் படிச்சவங்க நீங்க. இதுல எதை வாங்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

குருமடத்தில் நாம் ஆர்மோனியம் பயின்றதுண்டு. கிரகோரியன் இசையும் ஓரளவு பாடியதுண்டு. செல்லோவைத் தொட்டதுகூட இல்லை. ஆயினும் “தெரியாது” என்று சொல்லும் பணிவு அன்று நமக்கு வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவர் சேர்த்து வைத்திருந்த தொகை 35,000 ரூபாய் என்று கேட்டறிந்தோம். திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் விலை குறைந்ததைச் சுட்டிக்காட்டினோம். அதன் விலை 24,000 ரூபாய். “தொடக்கத்திற்கு இது போதும். மீதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று அறிவுரையும் கூறினோம்.

அந்த அறிவுரை எவ்வளவு பிழையானது என்பதையும், அதனால் நாம் கற்றுக்கொண்டதையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிள்ளைகளுக்கு இசைக்கருவி வாங்கித்தர விரும்பும் பெற்றோர் இன்று பலர். அவர்களுள் பெரும்பாலோர் கருவியை நேரில் காணாமல், தொலைவிலிருந்தே வாங்க வேண்டிய நிலையில் இருக்கின்றனர்.

பெட்டி வந்தது

பத்து நாளில் ஆளுயர அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. தவக்காலம் முடியட்டும், பாஸ்கா ஞாயிறன்று திறக்கலாம் என்று குடும்பத்தார் அதை அப்படியே வைத்திருந்தனர். திறந்தபோது தந்திகள் தளர்ந்து கிடந்தன. தந்திகளைத் தாங்கும் குதிரை தனியே காகிதத்தில் சுற்றப்பட்டிருந்தது. கருவியைச் சாய்த்தபோதெல்லாம் உள்ளே விரற்பருமனுள்ள ஒரு குச்சி உருண்டது.

வழியில் ஏதோ உடைந்துவிட்டது என்று தச்சர் எண்ணினார். மேற்பலகையில் உள்ள துளையின் வழியே நீண்ட இடுக்கியைச் செலுத்தி, அந்தக் குச்சியை நிமிர்த்தி, இரு முனையிலும் வெள்ளைப் பசை இட்டு அழுத்தமாக ஒட்டிவிட்டார். குதிரையை நிறுத்தித் தந்திகளை முறுக்கினார். முறுக்க முறுக்கப் பிரடைகள் வழுக்கிப் பின்னோக்கிச் சுழன்றன. எப்படியோ சுருதி சேர்த்து மகளின் கையில் கொடுத்தார்.

எட்டு நாட்கள் அச்சிறுமி முயன்றாள். தகரத்தைச் சுரண்டுவதுபோன்ற ஓசையே எழுந்தது. ஒன்பதாம் நாள் நம்மிடம் வந்தாள். இடக்கை விரல் நுனிகளில் கொப்புளம் கட்டியிருந்தது. “சாமி, எனக்கு இது வராது. என் கையிலதான் ஏதோ குறை. அப்பா பணம் எல்லாம் வீணாப் போச்சு” என்று சொல்லித் தலைகவிழ்ந்து நின்றாள்.

அச்சொற்கள் நம்மைச் சுட்டன. கைதேர்ந்தவர் கையில் பழுதுள்ள கருவியைக் கொடுத்தால், அவர் கருவியைக் குறைகூறுவார். தொடக்க மாணவரோ தம்மையே குறைகூறிக்கொள்வார். நல்ல ஒலி எப்படி இருக்கும் என்பதை அவர் கை இன்னும் அறியவில்லை அல்லவா? இப்படி எத்தனை பிள்ளைகள் “எனக்கு இசை வராது” என்ற முடிவுடன் கருவியைப் பரணில் ஏற்றியிருப்பார்களோ!

குறை எங்கே?

கருவி வந்தபின் கைப்பேசி வழியே பாடம் தொடங்க இசைந்திருந்த ஆசிரியை ஒருவர் சென்னையில் இருந்தார். வாங்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது நம்முள் யாருக்கும் தோன்றவில்லை. இப்போது கருவியைத் திரையில் காட்டினோம். பார்த்தவுடனே அவர், “இது பிள்ளையோட குறை இல்ல, பாதர். குதிரையின் காலடியில் ஒரு காகிதத்தை நுழைச்சுப் பாருங்க” என்றார். காகிதம் தடையின்றி உள்ளே சென்றது. வளைந்த மேற்பலகையின்மீது தட்டையான கால்களுடன் குதிரை நின்றுகொண்டிருந்தது.

அடுத்து, விரற்பலகையின் முடிவில் தந்திகளின் உயரத்தை அளக்கச் சொன்னார். முழு அளவுச் செல்லோவில் அவ்விடத்தில் மெல்லிய தந்தி ஏறத்தாழ 5 மில்லிமீட்டரும், தடித்த தந்தி ஏறத்தாழ 8 மில்லிமீட்டரும் உயர்ந்திருப்பது வழக்கம். இந்தக் கருவியிலோ தடித்த தந்தி 13 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. கொப்புளத்தின் காரணம் விளங்கிற்று.

கருவியைத் திருப்பி அனுப்பும் காலம் கடந்துவிட்டது. பெட்டியை மூடியே வைத்திருந்தது நம்மவர் தவறு. எனவே ஆசிரியை காட்டிய வழியில், சென்னையில் உள்ள முதிய கைவினைஞர் ஒருவரைத் தேடிச் சென்றோம். திரைப்பட இசைக்குழுக்களின் வயலின்களையும் செல்லோக்களையும் பல்லாண்டு செப்பனிட்டவர் அவர். தச்சர், மகள், நாம், செல்லோ என நால்வராக இரவு இரயிலில் பயணம் செய்தோம். கீழ்ப்படுக்கை செல்லோவுக்கே கிடைத்தது!

ஆன்மா என்னும் குச்சி

முதியவர் துளையின் வழியே விளக்கைக் காட்டி உள்ளே நோக்கினார். “யாரப்பா இதை ஒட்டினது?” என்றார். தச்சர் மெல்லக் கை உயர்த்தினார். முதியவர் சினங்கொள்ளவில்லை. அருகே அமரவைத்து விளக்கினார்.

அந்தக் குச்சியை இத்தாலியர் ‘அனிமா’ என்று அழைக்கின்றனராம். குருமடத்தில் இலத்தீனை ஓரளவேனும் கற்ற நமக்கு அச்சொல் புதிதன்று. ஆன்மா என்பதே அதன் பொருள். பிரெஞ்சுக்காரரும் தம் மொழியில் அதை ஆன்மா என்றே சொல்கின்றனர். மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே, குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுக் கீழே, மெல்லிய தந்தியின் பக்கமாக அது நிற்கிறது. அதன் இரு முனைகளும் பலகைகளின் சரிவுக்கு இசையச் சீவப்பட்டிருக்க வேண்டும். அது தந்தியின் அதிர்வை அடிப்பலகைக்குக் கடத்துகிறது. மேற்பலகை அமிழ்ந்துவிடாமல் தாங்கவும் செய்கிறது. நான்கு தந்திகளின் இழுவிசை சேர்ந்து 50 கிலோவுக்கும் மேற்பட்டது. அதில் ஒரு பகுதி குதிரையின் வழியே கீழ்நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தமே குச்சியை நிறுத்துகிறது. அதற்குப் பசை இடுவதே இல்லை.

தந்திகள் தளர்ந்தால் குச்சி விழுந்துவிடும். நெடும்பயணத்தில் குதிரை மேற்பலகையைக் கிழித்துவிடாதிருக்க அதைக் கழற்றி அனுப்புவதுண்டு. அப்போது குச்சி விழுவதில் வியப்பில்லை. விழுந்திருப்பது தெரிந்தால் தந்திகளை முறுக்கலாகாது. மேற்பலகைக்குச் சேதம் நேரக்கூடும். ஒட்டிவிட்டாலோ, பின்னர் ஒலிக்கு ஏற்ப அதை நகர்த்த வழியில்லை. முதியவர் பசையைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்துப் புதிய குச்சி ஒன்றைச் சீவிப் பொருத்தினார். ஒரு மில்லிமீட்டர் அளவு நகர்த்தி வில்லை இழுத்தார்; ஒலி மாறிற்று. மீண்டும் நகர்த்தினார், மீண்டும் மாறிற்று.

பின்பு குதிரையின் கால்களைக் கத்தியால் சீவி, மேற்பலகையின் வளைவில் ஒளியும் புகாதபடி படியவைத்தார். தலைப்பகுதியைத் தாழ்த்தித் தந்திகளின் உயரத்தைக் குறைத்தார். பிரடைகளை அவற்றின் துளைகளுக்கு இசைய இழைத்தார். தச்சர் இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். “இது எங்க வேலைதான் சாமி. ஒட்டாம நிக்கிறதுதான் பொருத்தம். எனக்குத் தெரிஞ்ச வேலையைத்தான் நான் செய்யாம விட்டிருக்கேன்” என்றார்.

புதிய தந்திகளுடன் செலவு 9,500 ரூபாய். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்ன மீதித்தொகை ஏறக்குறைய முழுவதும் அதற்கே சென்றது. சிறுமி அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே கருவியைச் சாய்த்து, மிகத் தாழ்ந்த தந்தியின்மேல் வில்லை மெல்ல இழுத்தாள். அவள் அமர்ந்திருந்த மர நாற்காலியே அதிர்ந்தது. அவள் தந்தையைப் பார்த்தாள். தந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்களைத் துடைத்தார்.

பழைய வழக்கமே

கருவியைக் காணாமலே வாங்குவது இந்தக் கைப்பேசிக் காலத்தின் புதுமை என்று எண்ண வேண்டாம். செருமனியின் சாக்சனிப் பகுதியில் மார்க்நொய்கிர்ஹென் என்றொரு சிற்றூர் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரும் சுற்றுப்புறமும் வயலின் இனக் கருவிகளை உலகெங்கும் அனுப்பிவந்தன. வீடுதோறும் வேலை பகிர்ந்து நடந்தது. ஒரு குடும்பம் தலைச்சுருளைச் செதுக்கும். வேறொன்று உடலைச் செய்யும். இன்னொன்று வில் செய்யும். அமெரிக்காவுடன் நடந்த வாணிகம் எவ்வளவு பெரிதென்றால், அமெரிக்க அரசு அச்சிற்றூரில் 1893இல் ஒரு துணைத்தூதரகமே திறந்தது. சியர்ஸ் ரோபக் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் விலைப்பட்டியல் அச்சிட்டு, தபால் வழியே உழவர் வீடுகளுக்கும் வயலின்களை விற்றன.

இன்று அவ்விடத்தைச் சீனா பிடித்துள்ளது. ஜியாங்சு மாநிலத்தின் ஹுவாங்சியாவ், பெய்ஜிங் நகரின் புறத்தேயுள்ள டோங்காவ்சுன் ஆகிய ஊர்கள் வயலின் இனக் கருவிகளுக்குப் பெயர்பெற்றவை. அங்கு உருவாகும் கருவிகளுள் மிக நல்லவையும் உண்டு, மிக மலிந்தவையும் உண்டு. மலிந்தவற்றில் மரமும் உழைப்பும் இருக்கவே செய்கின்றன. குதிரையைச் சீவி, குச்சியை நிறுத்தி, பிரடையைப் பொருத்தும் இறுதி வேலைதான் விடுபட்டிருக்கிறது. அதற்குப் பயின்ற ஒருவரின் பல மணி நேரம் வேண்டும். விலை குறைக்க முனைவோர் முதலில் கைவைப்பது அந்த நேரத்தின்மேல்தான்.

அப்படியானால் மலிவான கருவியே ஆகாதா? ஆகும். பாப்லோ கசால்ஸ் என்னும் மாமேதை அதற்குச் சான்று. ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாப் பகுதியில் எல் வென்ட்ரெல் என்னும் சிற்றூரில் 1876இல் பிறந்தவர் அவர். தந்தை அவ்வூர்ப் பங்குக் கோவிலில் ஆர்கன் வாசித்தவர். ஊருக்கு வந்த தெருப்பாடகர் ஒருவர் துடைப்பக் கட்டையில் தந்தி கட்டி வாசித்ததைக் கண்ட சிறுவன், தனக்கும் அதுபோல் வேண்டும் என்று கேட்டான். தந்தை ஒரு சுரைக்குடுக்கையை உடலாக வைத்து, ஒரே தந்தியுடன் கருவி செய்து கொடுத்தார். உலகப் புகழ்பெற்ற பின்னரும் கசால்ஸ் அந்தக் குடுக்கையைப் போற்றி வைத்திருந்தார். அதன் விலை ஒன்றுமில்லை. ஆயினும் தன் மகனை அறிந்த இசைஞர் ஒருவர், தம் கையால் தந்தி கட்டி, ஒலி வரச் செய்து கொடுத்த கருவி அது. நம் தச்சர் மகளுக்கு வந்த பெட்டியில் இல்லாதது அந்தக் கைதான்.

வாங்குமுன் எண்ண வேண்டியவை

பட்டறிவால் நாம் கண்டவற்றைப் பெற்றோரின் பயன் கருதி இங்குக் கூறுகிறோம்.

முதலாவது, ஆசிரியரைத் தேடிய பின்னரே கருவியைத் தேடுங்கள். விற்பவர் அனுப்பும் படங்களை அவரிடம் காட்டுங்கள். ஆசிரியருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிவது, நமக்கு ஐந்து மாதத்திலும் தெரியாது.

இரண்டாவது, அளவு. செல்லோ 4/4, 3/4, 1/2, 1/4 என்னும் அளவுகளில் கிடைக்கிறது. இவை வெறும் பெயர்களே. முழு அளவின் உடல் நீளம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். முக்கால் அளவின் உடல் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். ஐந்தடிக்கு மேல் வளர்ந்தவருக்கு முழு அளவும், நாலரை முதல் ஐந்தடி வரை உள்ளவருக்கு முக்கால் அளவும், நாலடி முதல் நாலரையடி வரை உள்ளவருக்கு அரை அளவும் பொதுவாகப் பொருந்தும். வளரும் பிள்ளை என்று பள்ளிச் சீருடையைப் பெரிதாக எடுப்பதுபோல் செல்லோவை எடுக்காதீர்கள். எட்டாத இடத்திற்கு விரலை நீட்டி நீட்டிக் கை நோகும். நம் சிறுமி வயதுக்கு மீறிய உயரமுடையவள். ஆதலால் முழு அளவே பொருந்திற்று. அதுவும் நம் அறிவால் நேர்ந்ததன்று.

மூன்றாவது, மரம். நல்ல செல்லோவின் மேற்பலகை ஸ்புரூஸ் மரத்தாலும், அடியும் பக்கங்களும் மேப்பிள் மரத்தாலும் செதுக்கப்படும். மலிந்தவற்றில் பிளைவுட் பலகையை அழுத்தி வளைத்திருப்பர். அதன் ஒலி சற்று மந்தமே. ஆயினும் தட்டுமுட்டுக்கும் ஈரக்காற்றுக்கும் அது தாங்கும், பிளவுபடுவது அரிது. தொடக்க மாணவருக்கு அது இழுக்கன்று. நம் கருவி அந்தப் பசையிலிருந்து பிழைத்ததும் பிளைவுட்டால்தான். விரற்பலகை கருங்காலியா என்று கேளுங்கள். மெத்தென்ற மரத்திற்குக் கருஞ்சாயம் பூசியிருந்தால் விரலில் சாயம் ஒட்டும். நாளடைவில் தந்தி பதிந்து பள்ளமும் விழும்.

நான்காவது, அமைப்பு. குதிரையைச் சீவியது யார், குச்சி நிற்கிறதா, தந்தியின் உயரம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அனுப்பவிருக்கும் அதே கருவியை வாசித்துக் காட்டும் ஒளிப்பதிவைக் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரிடம் சற்று அதிக விலைக்கு வாங்குவது இலாபமே. பதில் இல்லையெனில், கையிலுள்ள தொகையில் நாலில் ஒரு பங்கைச் செப்பனிடுபவருக்கென எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதற்குள் கருவியைத் தேடுங்கள்.

ஐந்தாவது, பெட்டி வந்த நாளிலேயே திறந்துவிடுங்கள். திறப்பதை ஒளிப்பதிவு செய்யுங்கள். அட்டைப்பெட்டியைத் திருப்பி அனுப்பும் காலம் முடியும்வரை எறிந்துவிடாதீர்கள்.

ஆறாவது, வில். மலிந்த மர வில் வளைந்துபோவதுண்டு. அதனினும் கண்ணாடியிழை வில் தொடக்கத்திற்கு ஏற்றது. புதிய வில்லின் குதிரைமயிரில் ரோசின் என்னும் பிசின் கட்டியைப் பலமுறை தேய்த்தாலன்றி ஒலி எழாது. இதை அறியாமல், வில் கெட்டுவிட்டது என்று அழுத பிள்ளைகளும் உண்டு. வாசித்து முடித்தபின் மயிரைத் தளர்த்தி வைக்க வேண்டும்.

பழைய கருவியை வாங்குவோர், அடிப்பலகையில் குச்சி நிற்கும் இடத்திலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் பிளவு உண்டா என்று நெருங்கிய படங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். அங்குள்ள பிளவைச் செப்பனிடும் செலவு கருவியின் விலையையே விஞ்சிவிடக்கூடும். முறையாகச் செய்த செல்லோவில் பலகைகளை ஒட்டுவது, நம் தச்சரின் பாட்டனார் காய்ச்சிய வச்சிரம் போன்ற தோற்பசையால். பழுதுபார்க்க வேண்டியபோது திறக்கத்தக்கதாய் இருக்கவே அப்பசையைக் கையாள்கின்றனர். வெப்பத்தில் அது இளகும். ஆதலால் வெயிலில் நிற்கும் காருக்குள் கருவியை வைத்துவிட்டுச் செல்லாதீர்கள்.

ஒரு வேண்டுகோள்

மேலை நாடுகளில் செல்லோவை மாத வாடகைக்குத் தரும் கடைகள் பல உண்டு. பிள்ளை வளர வளர அளவை மாற்றிக்கொள்ளலாம். நம் சிற்றூர்களில் அவ்வசதி அரிது. ஆனால் ஒரு பள்ளியோ பங்கோ முன்வந்தால் ஆகாததில்லை. மேற்கு வங்காளத்துக் காலிம்போங்கில், கனடா நாட்டு இயேசு சபைக் குரு எட்வர்ட் மெக்குவயர் 1993இல் தொடங்கிய காந்தி ஆசிரமப் பள்ளி, ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வயலின் கற்பித்து வருகிறது. தனியொரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைக்கும் கருவியைப் பலர் சேர்ந்து வாங்கினால், ஒருவர் பின் ஒருவராகப் பல பிள்ளைகள் பயிலலாம். நம் பாடற்குழுவின் பெயரில் முக்கால் அளவுச் செல்லோ ஒன்று வாங்க இப்போது நாம் ஒரு சிறு நிதி சேர்த்து வருகிறோம். அதில் நாலில் ஒரு பங்கு அந்த முதியவருக்கு என்று முன்னரே எழுதி வைத்துவிட்டோம். விலையைச் சுட்டிக்காட்டும் வேலையை ஆசிரியையிடம் விட்டுவிட்டோம்.

கடந்த கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் நள்ளிரவுத் திருப்பலியில் அச்சிறுமி செல்லோ வாசித்தாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாடலின் அடியில் நீண்ட தாழ்ந்த சுரங்களை மட்டும் இழுத்தாள். சில இடங்களில் சுருதி சற்று விலகிற்று. திருப்பலி முடிந்தபின் நம்மிடம் ஓடிவந்து, “மூணு இடத்துல தப்பு சாமி. அது என் கைதான். ஆசிரியைகிட்டக் கேட்டுச் சரி பண்ணிடுவேன்” என்றாள். சித்திரையில் தலைகவிழ்ந்து “என் கையிலதான் குறை” என்றவள், மார்கழியில் அதையே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை “எனக்கு வராது” என்று சொல்லும் நாள் வரலாம். அன்று கையைக் குறைகூறுமுன், கருவியின் உள்ளே ஒருமுறை விளக்கைக் காட்டிப் பாருங்கள்.